காடு எங்கள் கையில், பட்டா யார் பெயரில்?

எங்கள் விடுதியின் வாசலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. ‘மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் காத்துவரும் காடு. பசுமை விருந்தினர் இல்லம்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் சிப்காட்டின் லாரி வரிசையைத் தாண்டி, தளி வழியாக ஜவளகிரிப் பக்கம் வருகிறவர்கள் முதலில் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். 2016-ல் எழுதியபோது பெருமையாக இருந்தது. இப்போது அதில் ஒரு சொல் உறுத்துகிறது: குடும்பம்.

யார் அந்தக் குடும்பம்? காட்டைக் காத்தது யார்? பட்டாவில் இருப்பது யார் பெயர்? விருந்தினர் தரும் பணம் யார் கணக்கில் விழுகிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடை வந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

சென்ற ஆண்டு தை மாதம் என் தம்பி ஒரு பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். “அக்கா, ஒரு கையெழுத்து போதும். பேங்க்ல கேக்கறாங்க. நீ இருக்கற வரைக்கும் இந்த வீடு உன்னோடதுதான்” என்றான். மேலே தடித்த எழுத்தில் தலைப்பு இருந்தது: விடுதலைப் பத்திரம்.

சொத்தில் தனக்குள்ள பாகத்தை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பதற்கு நம் பதிவுத்துறையில் வழங்கும் பெயர் அது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் முகூர்த்த நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். பட்டுச்சேலை கட்டிய அக்காக்களும் தங்கைகளும் வரிசையில் நின்று, விரலை மை தொட்டு வைத்துவிட்டு, அண்ணன் வாங்கித் தரும் காபியைக் குடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பத்திரத்தில் ‘மனப்பூர்வமாக’ என்று எழுதியிருக்கும். உள்ளபடியே அங்கே விடுதலை ஆவது நிலம். அது பெண்ணிடமிருந்து விடுதலை ஆகிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இது என் வீட்டுச் சண்டை மட்டுமல்ல. ‘பசுமைச் சுற்றுலா’, ‘குடும்பம் நடத்தும் தங்குமிடம்’ என்று நாடெங்கும் விற்பனையாகும் ஒரு அழகான சொல்லின் அடியில் யாருடைய உழைப்பு கிடக்கிறது என்பது பற்றியது.

காத்தது யார்?

எங்களிடம் இருப்பது பதினாலு ஏக்கர். அதில் ஐந்து ஏக்கர் கேழ்வரகும் அவரையும் போடும் மானாவாரி நிலம். மிச்சம் ஒன்பது ஏக்கர் காடு. துரிஞ்சி, புங்கன், வேங்கை, நெல்லி, விளா, புளி, ஓடையோரம் மூங்கில், இடையிடையே சந்தனம். ஆங்காங்கே உண்ணிச்செடிப் புதர். இதை ஒரு ‘வனம்’ என்று சொன்னால் எங்கள் அவ்வா சிரித்திருப்பாள். அவளுக்கு அது ‘தோப்புக்கு மேல இருக்கற புதரு’.

அந்தப் புதரை அழிக்க மூன்று முறை முயற்சி நடந்தது. தாத்தா மல்பெரி போடலாம் என்றார். பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போன காலம். அப்பா தைலமரம் நடலாம் என்றார். நட்டுவிட்டால் கவனிக்க வேண்டியதில்லை, வெட்டும் நாளில் லாரி வரும். தம்பி படிப்பு முடித்து வந்த புதிதில் பாலித்தீன் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கலாம் என்றான். ஓசூர் ரோஜா விமானமேறும் ஊர். மூன்று முறையும் தடுத்தவர்கள் பெண்கள். அவ்வா முதல் தடவை, அம்மா அடுத்த இரண்டு தடவை.

அவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். விறகுக்கு அடுத்த மலைக்கு நடக்க வேண்டிவரும். புளி விற்ற காசுதான் கையில் புழங்கும் காசு. சீயக்காயும் நெல்லிக்காயும் காசு கொடுத்து வாங்க முடியாது. மரம் போனால் கிணறு வற்றும், குடத்தோடு நடக்கப்போவது நாங்கள்தான். இதில் இயற்கை அன்னையும் இல்லை, பக்தியும் இல்லை. இது கணக்கு. அந்தக் காட்டின் ஒவ்வொரு பொருளும் தங்கள் வேலை நேரத்தை எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை அவர்கள் சண்டையாகவும், பட்டினியாகவும், ஒரு தடவை அவ்வா பதினைந்து நாள் தாய்வீட்டுக்குப் போய்விட்டும் நடைமுறைப்படுத்தினார்கள். கையெழுத்து அதிகாரம் இல்லாதவளிடம் வேறென்ன ஆயுதம் இருக்கும்?

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டைக் காத்த பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே உடனே அவளைத் தாயாக்கிவிடுகிறார்கள். எங்கள் எல்லைக்கு அப்பால் மாகடி வட்டம் ஹுலிகல்லைச் சேர்ந்த திம்மக்காவை எல்லோருக்கும் தெரியும். கூலி வேலை செய்துகொண்டே, கணவரோடு சேர்ந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து 385 ஆலமரங்களைச் சாலையோரம் வளர்த்தவர். ‘சாலுமரத’, அதாவது வரிசை மரங்களின், என்பது அவர் பெயருக்கு முன்னால் ஊர் வைத்த பட்டம். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பாலானவை ஒரே வரியில்தான் தொடங்குகின்றன: குழந்தை இல்லாததால் மரங்களைப் பிள்ளைகளாக வளர்த்தார். ஒரு தொழிலாளியின் பல வருட உழைப்பையும் அறிவையும் கருப்பையின் குறைக்கு ஈடாகச் சுருக்கிவிட்டார்கள். எந்த மண்ணில் எந்த மாதம் ஆலங்கிளையை நட வேண்டும், முள்வேலியை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. ஆண் மரம் வளர்த்தால் அவர் சூழலியலாளர். பெண் வளர்த்தால் தாய். தாய்க்குச் சம்பளம் கிடையாது, பங்கும் கிடையாது.

1974 மார்ச் 26 அன்று இமயமலையில் ரேணி கிராமத்துப் பெண்கள் மரம் வெட்ட வந்தவர்களை மறித்தபோது, அவர்களை வழிநடத்திய கௌரா தேவி காட்டைத் தன் பிறந்தகம் என்று சொன்னதாகச் சிப்கோ வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்தச் சொல்லை நெகிழ்ச்சியோடு மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. பிறந்தகம் என்பது பெண் மிகவும் நேசிக்கிற இடம். பெண்ணுக்கு ஒரு அடி நிலமும் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இடமும் அதுவே.

விடுதியை நடத்துவது யார்?

நான் 2014-ல் பிறந்த வீட்டுக்குத் திரும்பினேன். காரணம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. சும்மா இருக்கக் கூடாதென்று பழைய தானியக் கொட்டகையை இரண்டு அறைகளாக்கினோம். பிறகு ஒன்று கட்டினோம். சூரிய மின்சாரம், அறைக்குள் குளிர்சாதனம் கிடையாது, குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், நெகிழி பாட்டில் உள்ளே வரக் கூடாது, இரவில் பெருவிளக்கும் பாட்டும் கிடையாது, தீ மூட்டி ஆடுவது கிடையவே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு கதிர் பிடிக்கும்போது பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை நகரும். அந்த மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. இதெல்லாம் எங்கள் விதிகள். விருந்தினர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

‘பசுமை’ என்றால் என்னவென்று ஒரு பெண்ணிடம் கேளுங்கள். இயந்திரம் இல்லை என்றால் கை. நெகிழி இல்லை என்றால் துணி. துணி என்றால் துவைப்பது. கடைச் சாப்பாடு இல்லை என்றால் களியும் கீரைக் கடைசலும் அவரைப் பருப்புக் குழம்பும். அதாவது விடிகாலை நாலே முக்காலுக்கு அடுப்பு. ரசாயனம் இல்லை என்றால் பூந்திக்கொட்டைக் கரைசல். அதை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டும் ஒருத்தி. ஒவ்வொரு பசுமை விதியும் ஏதோ ஒரு பெண்ணின் ஒரு மணி நேரம். மின்சாரத்தைக் குறைத்தோம் என்று நாங்கள் பெருமைப்படும் இடங்கள் பலவற்றில் உண்மையில் மின்சாரத்துக்குப் பதில் என் அம்மாவின் முழங்கால் வேலை செய்கிறது. அவளுக்கு வயது எழுபத்தொன்று.

ஒரு சனி, ஞாயிறு நோட்டில் குறித்துப் பார்த்தேன். மூன்று அறைகள், எட்டு விருந்தினர். இரண்டு நாளில் நான் இருபத்தொன்பது மணி நேரம் வேலை செய்திருந்தேன். அம்மா பதினேழு. கூலிக்கு வரும் அக்கா பதினெட்டு. தம்பி ஆறு. அவனுடைய ஆறு மணி நேரத்தில் தொலைபேசியும், விருந்தினரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பதும் அடங்கும். அந்த நடையில் அவன் சொல்லும் மரப்பெயர்களெல்லாம் அம்மாவிடம் கற்றவை. விருந்தினர் குறிப்பேட்டில் அவன் பெயரைக் குறிப்பிட்டு, எவ்வளவு ஆழமான அறிவு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள்: அம்மாவின் அன்பான கைமணம். அவனுக்கு அறிவு, எங்களுக்கு அன்பு. அறிவுக்கு விலை உண்டு, அன்புக்கு நன்றி உண்டு.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டு விசித்திரம் இல்லை. ஒன்றிய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டுத் தங்குமிடத் தொழில் இந்த 299 நிமிடத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலா அமைச்சகத்தின் தங்குமிடத் திட்ட விதியைப் படியுங்கள்: அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை, உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். இந்த விதி நல்லது, பெருமுதலாளிகள் ‘வீடு’ என்ற பெயரில் ஓட்டல் நடத்துவதைத் தடுக்கிறது. ஆனால் குடும்பத்தோடு வசிக்க வேண்டும் என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள்? வீட்டில் ஒரு பெண் இருக்க வேண்டும். அறை பதிவு செய்வதற்கு முன் பெங்களூர்ப் பெண்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியே, “அங்க லேடீஸ் இருக்காங்களா?” என்பதுதான். நாங்கள் இருப்பதே பாதுகாப்புச் சான்றிதழ். சான்றிதழில் உரிமையாளர் என்று எழுதியிருப்பது தம்பி பெயர். பணம் செலுத்த ஒட்டியிருக்கும் கியூஆர் கோடும் அவன் கணக்கு.

மரத்துக்கு 1949, மகளுக்கு 1989

தனியார் காட்டை அதன் உடைமையாளரே நினைத்தபடி வெட்டவும் விற்கவும் கூடாது, அனுமதி வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1949-ல் சட்டம் வந்தது. இன்றும் பட்டா நிலத்தில் நிற்கும் சந்தன மரத்தைக்கூட வனத்துறை வழியாகத்தான் வெட்டி விற்க முடியும். நல்லது. மரத்துக்கு அரசாங்கம் காவல் நிற்கட்டும். ஆனால் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய மகளுக்கு?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை என்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்தத் திருமண வேலியையும் நீக்கியது. அப்பா அன்று உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: உரிமை பிறப்பால் வருகிறது, அப்பாவின் உயிரைச் சார்ந்து வரவில்லை.

ஆக, சட்டம் வந்தாயிற்று. அதனால்தான் விடுதலைப் பத்திரம் தேவைப்படுகிறது. உரிமையே இல்லாதவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். சட்டம் ஒரு கையால் கொடுத்ததைச் சடங்கு மறுகையால் வாங்கிக்கொள்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடி அலகுகளில் பெண்களின் பொறுப்பில் இருந்தவை சுமார் 14 விழுக்காடுதான். நாற்று நடுவதும் களையெடுப்பதும் யார் என்று வயலில் போய்ப் பார்த்துவிட்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த பிறகு இந்தப் பக்கம் நிலத்தின் விலை எங்கே நிற்கிறது என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். விலைக்கு வாங்கி நிலம் சேர்க்கும் பெண்கள் எத்தனை பேர்? பெண்ணுக்கு நிலம் வரும் பெரிய வழி வாரிசுரிமை. அந்த வழியில்தான் அண்ணன் தம்பிகள் காபியோடு காத்திருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் மூன்று காரணங்கள்

“உனக்குத்தான் சீர் செஞ்சாச்சேக்கா.” 1996-ல் எனக்குச் செய்த சீர் நகையும் பாத்திரமும் ஒரு ஸ்கூட்டரும். எதையும் நான் கேட்கவில்லை, எதுவும் என் கைக்கு வரவில்லை. நிலம் வருடா வருடம் வளரும், ஸ்கூட்டர் வருடா வருடம் தேயும். தேய்வதை மகளுக்கும் வளர்வதை மகனுக்கும் கொடுத்துவிட்டுச் சமமாகப் பிரித்தோம் என்பது வீட்டுக்குள் நடக்கும் மோசடி.

“பொண்ணுங்களுக்குப் பாகம் போனா காடு துண்டு துண்டாயிடும். மாப்பிள்ளைங்க வித்துடுவாங்க.” இதைச் சொன்னவர் எங்கள் மாமா. ஓசூரைச் சுற்றிக் கேழ்வரகு நிலமும் புளியந்தோப்பும் மனைப்பிரிவாகிக் கொடிக்கம்பம் நட்டிருப்பதைப் பார்க்காதவர் யார்? அந்தக் கிரயப் பத்திரங்களில் விற்பவர் இடத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பெயர்கள். ஏனென்றால் பட்டா அவர்களிடம்தான் இருந்தது. பெண்கள் எதையும் விற்கவில்லை. விற்பதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

உண்மையில் பெண்களின் பெயர் பட்டாவில் ஏறுவது காட்டுக்குக் காப்பு. அம்மா, நான், தம்பி மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருந்தால், முழுக் காட்டையும் விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ மூன்று கையெழுத்து வேண்டும். ஒருவர் தன் பிரிபடாத பாகத்தை மட்டும் விற்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் எல்லை பிரிக்காத பாகத்தை வாங்கி மனை போட எந்தத் தரகரும் விரும்பமாட்டார். அவ்வாவுக்குத் தாய்வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. எனக்குப் பேனாவை மூடிவைத்தால் போதும்.

“கடன் வாங்கி விரிவாக்கினா எல்லாருக்கும்தானே வருமானம்?” வங்கிக்குக் கொடுத்த திட்டத்தை நான் கேட்டு வாங்கிப் படித்தேன். மேலும் பன்னிரண்டு குடில்கள், ஓடையை ஒட்டி ஒரு நீச்சல் குளம், வாகனம் நிறுத்தக் காட்டின் கிழக்கு மூலை. முதல் பக்கத்தில் இலைச் சின்னத்தோடு ‘ஈக்கோ ரிசார்ட்’. இந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நீலகிரியின் சீகூர்ப் பீடபூமி சாட்சி. காட்டை ரசிக்க வந்தவர்களுக்கென்று யானைப் பாதையிலேயே விடுதிகள் கட்டினார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது; 2020 அக்டோபர் 14-ல் யானை வழித்தடத்தை உறுதி செய்தது. எங்கள் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்ந்த காடுகள் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று சரணாலயங்களாயின. அவற்றின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஒன்பது ஏக்கர் பெரிதில்லை. ஆனால் இரவில் ஒரு கொம்பன் கடந்துபோக அந்த இருட்டு போதும். நீச்சல் குளத்தின் நீல விளக்கு அதை அழிக்கும்.

ஆக, நான் மறுத்த கையெழுத்து என் பாகத்துக்காக மட்டும் மறுத்ததில்லை. அந்த வீட்டில் காட்டின் சார்பில் இருக்கும் ஒரே சட்ட அதிகாரம் அந்த மறுப்புதான்.

யாரிடமிருந்து காத்தோம்?

தம்பியைக் குற்றம் சொல்லிவிட்டு நான் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை பொய். ‘காத்தோம்’ என்றால் யாரிடமிருந்து?

எங்களிடம் வேலைக்கு வரும் அக்காவின் அம்மா இதே புதரில் ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர். தைலமரம் வேண்டாம் என்று அம்மா சண்டை போட்ட நாளில் ஊரில் கூடப் பேசியவர்களில் அவரும் ஒருவர் என்று அம்மாவே சொல்வாள். விடுதி ஆரம்பித்ததும் நாங்கள் முதலில் செய்தது கம்பிவேலி. விருந்தினர் வரும் இடம், ஆடு திரியக் கூடாது, விறகுக்கட்டு சுமந்த பெண்கள் நடுவில் வரக் கூடாது. தன் அம்மா தலையில் கட்டோடு வந்த பாதையில் இன்று மகள் எங்கள் கழிப்பறையைக் கழுவக் கதவைத் தட்டிவிட்டு வருகிறார். நிலம் எங்கள் சாதியிடம் இருந்தது, அவர்களிடம் இல்லை. அதனால் நாங்கள் ‘காத்த குடும்பம்’, அவர்கள் ‘உள்ளூர் வேலையாட்கள்’. என் அண்ணன் தம்பியிடம் நான் கேட்கும் கேள்வியை அந்த அக்கா என்னிடம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நோட்டைப் பார்த்த பிறகு சிலவற்றை மாற்றினேன். உண்ணிச்செடி வெட்ட வரும் ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலி அவருக்கும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. யானை மாதங்களில் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வண்டியில் கொண்டுவிடுவது. காய்ந்த விறகு எடுக்க ஊர்ப் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி கதவு திறந்திருக்கும். இதற்கு ஒரு பயனும் உண்டு: காய்ந்த சுள்ளி குறைந்ததால் மாசி, பங்குனியில் தீப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் என் நல்ல மனசில் நிற்கும்வரை வெறும் தருமம். எழுதிக் கையெழுத்திட்டால்தான் உரிமை. அதை இன்னும் செய்யவில்லை, என் பெயரே எழுத்தில் இல்லாததால்.

இன்னொன்றும் உண்டு. ஓசூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் இளம்பெண்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஒரு ஞாயிறு அப்படி ஆறு பேர் வழி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தார்கள். உள்ளே கூப்பிட்டேன். மாலைவரை ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண், வேலைக்கு வந்து ஏழு மாதத்தில் இன்றுதான் மரத்தடியில் தூங்கினேன் என்றாள். அன்றிரவு தம்பி சொன்னான்: “ஹாஸ்டல் பொண்ணுங்க வந்துபோனா இடத்துக்குப் பேரு கெட்டுடும்க்கா.” பெங்களூரிலிருந்து காரில் வரும் பெண் விருந்தினர், சிப்காட்டிலிருந்து நடந்துவரும் பெண் கெட்ட பேர். யாருக்கான பசுமை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு வேண்டியதில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். கட்டணம், அவர்கள் விடுதியில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆவது.

வேறு வழி உண்டா?

உண்டு. எங்கள் தளிப் பக்கமே கும்ளாபுரம் அருகில் நவதர்ஷனம் அறக்கட்டளை 1990-ல் தொடங்கியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் மேய்ச்சலையும் வெட்டையும் நிறுத்திவிட்டு, காட்டைத் தானாக எழவிட்டார்கள். அங்கே போய்த் தங்கலாம். அந்தக் காட்டுக்கு ஆண் வாரிசு இல்லை, ஏனென்றால் அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. குடகில் பமீலா மல்ஹோத்ராவும் அவர் கணவர் அனிலும் 1991-ல் 55 ஏக்கர் வாங்கித் தொடங்கிய சாய் சரணாலயம் சுமார் 300 ஏக்கராக வளர்ந்தது. அங்கே பெண்ணின் பெயர் முன்னால் நிற்பதற்கு அவர் பணம் போட்டு நிலம் வாங்கிய பங்குதாரராக இருந்ததும் ஒரு காரணம். வாங்கும் வசதி நமக்கு இல்லை. ஆனால் காட்டைக் குடும்பச் சொத்தாக வைத்திருப்பது மட்டுமே அதைக் காக்கும் வழி என்பது பொய் என்று இரண்டுமே காட்டுகின்றன.

என் கோரிக்கை எளியது. முதலில் கூட்டுப் பட்டாவில் அம்மா பெயரும் என் பெயரும் ஏற வேண்டும். விடுதிக் கணக்கு மூவர் பெயரிலும் இருக்க வேண்டும். வேலை நேரத்துக்கேற்ப எல்லோருக்கும் சம்பளம், தம்பிக்கும்தான். ஒன்பது ஏக்கரை வெட்டாமல், கட்டாமல் வைப்பதற்கு மூவரும் சேர்ந்து ஒரு அறக்கட்டளைப் பத்திரம் எழுத வேண்டும். அதில் ஊர்ப் பெண்களின் விறகுரிமை ஒரு ஷரத்தாக இருக்க வேண்டும். கூலிக்கு வரும் அக்கா அறங்காவலர்களில் ஒருவராக இருக்க வேண்டும். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா முதலில், “உடம்பொறந்தவன்கிட்ட எதுக்கு வம்பு?” என்றாள். இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், அவரை உரித்துக்கொண்டே, “எம் பேரும் எழுதலாமா?” என்று கேட்டாள். ஐம்பது வருடம் அந்தக் காட்டைக் காத்தவள் கேட்ட கேள்வி அது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டுவாங்குங்கள். பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம், வில்லங்கச் சான்றும் எடுக்கலாம். யார் பெயர் இருக்கிறது, எது ஈட்டில் இருக்கிறது, எப்போது பாகம் பிரிந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். “எதுக்கும்மா இதெல்லாம் உனக்கு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் தொனியைக் கவனியுங்கள். அதே கேள்வியை உங்கள் அண்ணனிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மனப்பூர்வமாக என்று எழுதிய எந்தத் தாளிலும், அதை முழுதாகப் படிக்காமல், தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அன்று உங்களுக்குக் காபி வாங்கித் தருவார்கள். காபியை வேண்டுமானால் குடியுங்கள்.

வாசலில் இருந்த பலகையைப் போன வாரம் இறக்கினேன். வாசகத்தை மாற்ற வேண்டும். காத்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்: அவ்வா, அம்மா, கூலிக்கு வரும் அக்கா, அவருடைய அம்மா. பலகை போதவில்லை. பெரிய பலகை வரும்வரை வாசல் வெறுமையாக இருக்கட்டும். விடுதலைப் பத்திரத்தின் நகல் என் அலமாரியில் இருக்கிறது. கையெழுத்துக்கான இடமும் வெறுமையாகவே இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும்.